ஒரு ஜீப், ஒரு மூட்டை: வண்டன்மேட்டிலிருந்து மும்பைக்கு ரெப்ளிகேஷன்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், 5:20 மணிக்கு, இடுக்கி மலையில் வண்டன்மேட்டில் இருக்கும் எங்கள் ஏலக்காய் ஸ்டோரை ஒட்டி இடி விழுந்தது. ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடுவே ஓடிய செம்புக் கேபிள் வழியாக உள்ளே வந்து ஸ்விட்ச், சர்வரின் மதர்போர்டு, இரண்டு டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே நொடியில் முடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

"மும்பையில நகல் ஓடிக்கிட்டு இருக்கு முதலாளி, பயப்படாதீங்க" என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். ராத்திரி அந்த நகலைத் திறந்து பார்த்தால் கடைசிப் பதிவு 4:25 மணி. அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரத்து எடைகள் அதில் இல்லை. எங்களிடம் காய் கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். அந்த ஒரு கிலோவின் எடையும் தரமும்தான் அவர்களுக்குப் பணம். மறுநாள் காலையில் எடைச் சீட்டுகளைத் தேடி எடுத்து 37 பதிவுகளைத் திரும்ப அடித்தோம். இரண்டு சீட்டு கிடைக்கவே இல்லை. அந்த இருவரின் வீட்டுக்கே போய் அவர்களிடமிருந்த நகலைப் பார்த்து எழுதி வந்தேன்.

அன்றிலிருந்து ஆபீசில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தூரத்தில் இடி முழங்கினாலே கணக்கு அக்கா பதிவை நிறுத்திவிடுவார். காய் கொண்டுவந்தவர்கள் மழை விடும்வரை ஷெட்டில் குந்தியிருப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் மலையில் மத்தியானத்துக்கு மேல் இடி இல்லாத நாள் குறைவு. இதை இப்படியே விட முடியாது என்று உட்கார்ந்தேன்.

எங்கள் அமைப்பு இதுதான். ஆபீசில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், அது மூல சர்வர். மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சர்வர், அது நகல். நடுவே வயர்கார்டு டனல், இணையத்துக்குள்ளேயே இரண்டு சர்வருக்கும் மட்டுமான பூட்டிய வழி. போஸ்ட்கிரஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் டேபிளில் கை வைக்கும். அந்தப் பதிவேட்டை வால் (WAL என்ற ஆங்கிலச் சுருக்கம்) என்போம். மூல சர்வர் வாலை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், நகல் அதைப் படித்துத் தன்னிடம் அதே மாற்றத்தைச் செய்துகொள்ளும். இதுதான் ரெப்ளிகேஷன்.

தினமும் 4 மணிக்கு ஒரு பெரிய வேலை ஓடும். புத்தடியிலும் போடியிலும் நடந்த ஏல விலைகளை வைத்து, ஸ்டோரில் இருக்கும் ஒவ்வொரு லாட்டின் மதிப்பையும் திருத்தும். முக்கால்வாசி டேபிள்களைத் தொட்டு எழுதும். 40 நிமிடத்தில் ஏறக்குறைய 12 ஜிபி வால் உண்டாகும். நகல் பின்தங்குவது அந்த நேரத்தில்தான். சாயங்காலம் 6:10 வாக்கில்தான் அது மூல சர்வரை எட்டிப் பிடிக்கும். இடி விழுந்தது அந்த இடைவெளிக்குள்.

முதலாளி இதற்கு ஏற்கனவே செலவு செய்திருந்தார். 50 எம்பிபிஎஸ் லைனை 100 ஆக்கினார். எட்டிப் பிடிக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. லைன்காரரைக் கூப்பிட்டோம். அவர் லேப்டாப்பைத் திறந்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டினார், ஏற்றமும் இறக்கமும் 96, 97. "லைனுக்குக் குழப்பமொன்னும் இல்லா சேட்டா" என்றார். அவர் சொன்னது உண்மை. நான்தான் அப்போது அதை நம்பவில்லை.

முதலில் தாமதம் எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரஸின் ரெப்ளிகேஷன் நிலவரப் பட்டியலில் நான்கு இடங்கள் தனித்தனியாகத் தெரியும்: எதுவரை அனுப்பினேன், எதுவரை அங்கே எழுதப்பட்டது, எதுவரை டிஸ்கில் உறுதியானது, எதுவரை டேபிளில் பயன்படுத்தப்பட்டது. 4:30க்குப் பார்த்தபோது கடைசி மூன்றும் 'அனுப்பினேன்' என்பதை ஒட்டியே இருந்தன. ஆனால் மூல சர்வரின் இப்போதைய இடத்துக்கும் 'அனுப்பினேன்' என்பதற்கும் நடுவே பல ஜிபி பள்ளம். ஆக மும்பை டிஸ்க் மெதுவில்லை, அங்கே சிபியு திணறவில்லை. சரக்கு இங்கேயே தேங்கி நிற்கிறது. நகல் சர்வரைப் பெரிதாக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதை அன்றே கைவிட்டேன், மாதாமாதம் போகவிருந்த பணம் மிச்சம்.

அடுத்து ஐபெர்ஃப் 3, இரண்டு சர்வருக்கு நடுவே வேகம் அளக்கும் கருவி. டனல் வழியாக ஒரே ஒரு இணைப்பில் ஓட்டினால் 12.4 எம்பிபிஎஸ். எட்டு இணைப்பை ஒரே நேரத்தில் ஓட்டினால் மொத்தம் 91.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதே பாதி விடை வந்துவிட்டது. லைன் அகலமாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஒரு வரம்பு இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் பொதுவாக ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கும். அதனால்தான் அது 97 காட்டியது. ரெப்ளிகேஷனோ ஒற்றை டிசிபி இணைப்பு. டிசிபி என்பது, போய்ச் சேர்ந்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டே சரக்கு அனுப்பும் முறை.

கூட வேலை செய்யும் கம்பத்துத் தம்பி "ஒரு இணைப்புக்கு மட்டும் யாருண்ணே பூட்டுப் போட்டது?" என்று கேட்டான். அவனுக்கு ஜீப்பை வைத்துச் சொன்னேன். ஸ்டோரிலிருந்து போடிக்கு 100 மூட்டை போக வேண்டும், இருப்பது ஒரே ஜீப். போடியில் இறக்கிவைக்க ஒரு மூட்டைக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மூட்டை போகும், இறக்குவார்கள், "வந்து சேர்ந்தது" என்ற சீட்டோடு ஜீப் மலையேறித் திரும்பும், அப்புறம்தான் அடுத்தது. போடிமெட்டு ரோட்டை நாலு வழிச் சாலையாக்கினாலும் ஒரு நாளில் போகும் மூட்டை கூடாது. போய்வரும் நேரமும் ஒரு நடைக்கு ஏற்றும் சரக்கும்தான் கணக்கு.

டிசிபியில் அந்த இறக்கும் இடத்துக்கு விண்டோ என்று பெயர். பெறுகிற பக்கம் "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் எழுதி அனுப்பும். எழுத 16 பிட்தான் உண்டு, அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. எங்கள் டனலில் மும்பை போய்வர 41 மில்லிசெகண்டு. 65,535 பைட்டை 0.041ஆல் வகுத்தால் செகண்டுக்கு சுமார் 16 லட்சம் பைட், அதாவது 12.8 எம்பிபிஎஸ். ஐபெர்ஃப் காட்டிய 12.4க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கால்குலேட்டரில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த 16 பிட் நெருக்கடிக்கு 1992லேயே வழி கண்டுவிட்டார்கள். ஆர்எஃப்சி 1323 என்ற ஆவணத்தில் வந்த விண்டோ ஸ்கேலிங் அது. இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் ஒரு பெருக்கலை ஒப்புக்கொள்ளும், விண்டோ 1 ஜிபி வரைகூடப் போகலாம். லினக்ஸில் அது வழக்கமாகத் திறந்தே இருக்கும். எங்களிடம் மட்டும் ஏன் இல்லை?

எஸ்எஸ் கட்டளையில் டிசிபி விவரத்தைக் கேட்டால் ஒவ்வொரு இணைப்பும் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும். எங்கள் ரெப்ளிகேஷன் இணைப்பு தன் நேரத்தில் 96 சதவீதம் பெறுபவரின் விண்டோவுக்காகக் காத்திருந்தது. விண்டோ ஸ்கேலிங் இருந்தால் டபிள்யூ-ஸ்கேல் என்று வர வேண்டிய குறிப்பே அந்த வரியில் இல்லை. லினக்ஸின் அடிப்படை அமைப்புகளை எழுதிவைக்கும் சிஸ்சிடிஎல் கோப்புகளைத் திறந்தேன். எனக்கு முன்பு சர்வர் அமைத்துக் கொடுத்தவர் காலத்து ஒரு கோப்பில், 'வேகம் கூட்ட' என்ற தலைப்பின் கீழ் இருபது வரி. அவற்றில் ஒன்று டிசிபி விண்டோ ஸ்கேலிங்கைப் பூஜ்யம் ஆக்கியிருந்தது. ஒரு காலத்தில் சில ரௌட்டர்களும் ஃபயர்வால்களும் இந்தப் பெருக்கலைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பையே தொங்கவிடும். அப்போது அதை அணைப்பது நியாயமான வைத்தியம். நோய் போய்விட்டது, மருந்து மட்டும் சர்வர் மாறும்போதெல்லாம் கோப்போடு கோப்பாகப் பிரதியாகி வந்திருக்கிறது.

அந்த வரியை 1 ஆக்கினேன். எதுவும் மாறவில்லை.

இங்கே இரண்டு விஷயம், இரண்டிலும் எனக்கு ஒரு மத்தியானம் போனது. ஒன்று, இந்தப் பெருக்கல் இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டில் மட்டுமே பேசப்படும். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புக்கு அது எட்டாது, இணைப்பை அறுத்துப் புதிதாகப் பிடிக்க வேண்டும். மூல சர்வரில் வால் அனுப்பும் புராசஸை நிறுத்தினால் போதும், நகல் தானே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதைச் செய்தேன். அப்போதும் 12.4. இரண்டாவது விஷயம் அதுதான்: இரு பக்கமும் சம்மதித்தால்தான் ஸ்கேலிங் நடக்கும். மும்பை சர்வரை நிறுவியபோது இதே கோப்பை அங்கேயும் பிரதி எடுத்திருந்தோம். அங்கேயும் மாற்றி, இணைப்பை மறுபடி அறுத்து விட்டபோது எஸ்எஸ் வரியில் டபிள்யூ-ஸ்கேல் 7 என்று வந்தது. ஒற்றை இணைப்பில் 88 எம்பிபிஎஸ்.

மீதிப் பத்தொன்பது வரிகளையும் எடுத்துவிட்டேன். சரக்கைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடமான பஃபரை 16 எம்பி, 64 எம்பி என்று ஏற்றச் சொல்லும் குறிப்புகள் ஏராளம் கிடைக்கும். எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 100 எம்பிபிஎஸ் என்றால் செகண்டுக்கு 125 லட்சம் பைட், அதை 0.041ஆல் பெருக்கினால் சுமார் 5 லட்சம் பைட். வழியில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய சரக்கு அவ்வளவுதான். எங்கள் சர்வர்களின் லினக்ஸ் தானாகவே பெறும் பஃபரை 6 எம்பி வரையும் அனுப்பும் பஃபரை 4 எம்பி வரையும் வளர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் நான் கை வைக்க ஒரு காரணமும் இல்லை. சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ 10 ஜிபிபிஎஸ்ஸில் அனுப்புகிறவருக்கு வேறு கணக்கு.

டனலின் எம்டியுவையும், அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவையும், பார்த்தேன். வயர்கார்டின் வழக்கமான 1420, ஐபிவி4இல் மேலுறை 60 பைட், ஆக 1480. எங்கள் பிராட்பேண்டு பயன்படுத்தும் பிபிபிஓஇ இணைப்பு முறையின் வரம்பான 1492க்குள் அடங்குகிறது. உடைக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்பியும் பார்த்தேன், போய்ச் சேர்ந்தது. அங்கே குறையில்லை.

அன்று சாயங்காலம் 4:15க்குக் கணக்கு அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, என்ன பண்ணுனீங்க? போடி ஆபீசுக்குப் பேசினா கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு." பிங் ஓட்டினேன். போய்வரும் நேரம் 41 மில்லிசெகண்டு இருந்த இடத்தில் 300க்கு மேல். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதுவரை அந்த 64 கேபி வரம்பு ரெப்ளிகேஷனைக் கட்டிப்போட்டு, அறியாமலே போடிக்கான அழைப்புகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. கட்டை அவிழ்த்ததும் ரெப்ளிகேஷன் லைனை முழுதாக எடுத்துக்கொண்டது. ரௌட்டரில் பாக்கெட்டுகள் வரிசைகட்டி நிற்க, அக்காவின் குரலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது.

இதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்றும் தெரிந்தது. மத்தியானம் 88 போன இணைப்பு சாயங்காலம் 30க்கு இறங்கிவிட்டது. ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு பாக்கெட் வழியில் தொலைந்தது. எங்கள் ஃபைபர் கம்பங்களில் தொங்கிக்கொண்டு வளைவு வளைவாக மலை சுற்றி வருகிறது. மரக்கிளை விழுந்து அறுந்து ஒட்டிய இடங்கள் எத்தனையோ. காரணம் ஒட்டா, சாயங்கால நெரிசலா என்று என்னால் இங்கிருந்து தீர்மானிக்க முடியவில்லை, லைன்காரரிடம் சொல்லியிருக்கிறேன். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கியூபிக் என்ற முறை பாக்கெட் தொலைந்தாலே 'வழியில் நெரிசல்' என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். திரும்ப ஏறுவதற்குள் இன்னொன்று தொலையும். என் தேவையோ தெளிவானது: 40 நிமிடத்தில் 12 ஜிபி என்றால் செகண்டுக்கு 5 எம்பி, அதாவது 40 எம்பிபிஎஸ். 30 போதாது.

2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் முறை தொலைந்த பாக்கெட்டை வைத்து முடிவு செய்யாது. எவ்வளவு வேகத்தில் சரக்கு போய்ச் சேர்கிறது, போய்வரும் நேரம் எவ்வளவு என்று அளந்து அதற்கேற்ப அனுப்பும். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 4.9 கர்னலிலிருந்தே (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸில் இருக்கிறது. அனுப்புகிற பக்கத்தில் மட்டும் மாற்றினால் போதும். ஆபீஸ் சர்வரில் மாடியூலை ஏற்றி, பிபிஆரை வழக்கமான முறையாக வைத்து, இணைப்பை மறுபடி அறுத்தேன். அதே சாயங்கால லைனில் 82. பிங்கும் 300லிருந்து 90க்கு வந்தது, ஏனென்றால் பிபிஆர் வரிசையை மேலும் மேலும் நீட்டாது. ஒரு எச்சரிக்கை: முதல் பதிப்பு பிபிஆர், பக்கத்தில் ஓடும் கியூபிக் இணைப்புகளின் பங்கையும் எடுத்துக்கொள்ளக்கூடும். பலரும் பகிரும் லைனில் அதைத் தனியாக விடுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

அதனால் ரௌட்டரில் கேக் வைத்தேன். 2018இல் 4.19 கர்னலோடு வந்த வரிசை மேலாண்மை அது. வெளியே போகும் வேகத்தை 85 என்று கட்டிவிட்டால் வரிசை லைன்காரரின் பெட்டியில் தேங்காமல் என் ரௌட்டருக்குள்ளேயே நிற்கும். கேக் அதை ஓட்டம் ஓட்டமாகப் பிரித்து முறைவைத்து அனுப்பும். டனல் முழுவதும் அதன் கண்ணுக்கு ஒரே ஓட்டம், அக்காவின் அழைப்பு இன்னொரு ஓட்டம். ரெப்ளிகேஷன் முழு வீச்சில் ஓடும்போதும் பிங் 48. அக்காவிடம் போடிக்குப் பேசிப் பார்க்கச் சொன்னேன். "இப்பப் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

இவ்வளவும் வழியைச் சீராக்கிய கதை. சரக்கே ஏன் 12 ஜிபி என்று அடுத்த வாரம்தான் யோசித்தேன். வழியைத் தொடும் முன் இதைப் பார்த்திருக்கலாம்தான், ஆனால் அப்போது என் கவனம் முழுக்க லைனில் இருந்தது. போஸ்ட்கிரஸ் அவ்வப்போது நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை மொத்தமாக டிஸ்கில் எழுதி முடிக்கும், அதற்கு செக்பாயிண்ட் என்று பெயர். செக்பாயிண்ட் முடிந்த பிறகு ஒரு பக்கத்தை முதல் முறை தொடும்போது போஸ்ட்கிரஸ் மாற்றத்தை மட்டும் எழுதாது, 8 கேபி பக்கம் முழுவதையும் வாலில் எழுதும். மின்சாரம் பாதியில் போனால் பக்கம் அரைகுறையாக நிற்கக் கூடாது என்பதற்காக. எங்கள் மலை மின்சாரத்துக்கு அந்தப் பாதுகாப்பைத் தொடவே மாட்டேன். ஆனால் செக்பாயிண்ட் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, வாலின் உச்ச அளவு 1 ஜிபி என்று வழக்கமான எண்களே இருந்தன. 12 ஜிபி எழுதும் வேலையில் 1 ஜிபி வரம்பு செக்பாயிண்டைத் திரும்பத் திரும்பத் தூண்டும், ஒரே பக்கம் பல தடவை முழுதாக எழுதப்படும். நேரத்தை 20 நிமிடமாகவும் அளவை 8 ஜிபியாகவும் ஏற்றினேன். வால் சுருக்கத்தையும் திறந்து எல்இசட்4 என்று வைத்தேன், போஸ்ட்கிரஸ் 15லிருந்து அந்த வசதி இருக்கிறது. அது இந்த முழுப் பக்க நகல்களைத்தான் சுருக்கும். 12 ஜிபி 5 ஆனது. தேவை 40 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 17க்கு இறங்கியது. விலை: சர்வர் திடீரென விழுந்தால் எழுந்து நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம். அதை ஏற்றுக்கொண்டேன்.

இப்போது 17 போதும் என்றால் கியூபிக்கே போதுமே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கனத்த மழை நாளில் கியூபிக் 15க்குக் கீழேயும் போனதைப் பார்த்திருக்கிறேன். லைன் அறுந்து மறுநாள் வரும்போது தேங்கியதை எல்லாம் வேகமாக அனுப்பவும் வேண்டும். பிபிஆர் இருக்கட்டும் என்று விட்டேன்.

அந்தத் தேக்கம் பற்றி ஒன்று. நகல் வாங்காத வாலை மூல சர்வர் அழிக்காமல் வைத்திருக்க ரெப்ளிகேஷன் ஸ்லாட் உண்டு. கம்பம்மெட்டுப் பாதையில் மரம் விழுந்து இரண்டு நாள் லைன் இல்லாமல் போனால் வால் குவிந்து டிஸ்க் நிரம்பும், டிஸ்க் நிரம்பினால் மூல சர்வரே நின்றுவிடும். போஸ்ட்கிரஸ் 13இல் வந்த ஸ்லாட் வால் வரம்பை 60 ஜிபி என்று வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் நகலைப் புதிதாக எடுக்க வேண்டிவரும், ஆனால் எடை போடுவது நிற்காது. ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடுவே இருந்த செம்புக் கேபிளையும் கழற்றி ஃபைபர் இழுத்தாயிற்று. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மும்பை நகலை மூலமாக மாற்றி, நான்கு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதிவுகள் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம்.

இந்த ஐப்பசியில், போன வியாழக்கிழமை 4:50க்கு, மேற்கே இருட்டிக்கொண்டு முதல் இடி முழங்கியது. ஷெட்டில் பதினொரு பேர் காயோடு நின்றார்கள். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். திரையில் நகலின் தாமதம் 1.8 செகண்டு என்று இருந்தது.

"நிறுத்தாதீங்கக்கா, அடிங்க" என்றேன். அவர் அடுத்த சீட்டை எடுத்து, எடையை வாய்விட்டுப் படித்தபடி அடிக்கத் தொடங்கினார்.